கணக்கறையை இடம் மாற்றுமுன்: வாசகர் கேள்வி–பதில்

சில வாரங்களாக வரும் கடிதங்களில் பல, ஒரு குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்களின் கணக்கு, சம்பளம், கொள்முதல் வேலைகளை ஒரே இடத்தில் சேர்த்துச் செய்யும் ‘ஷேர்டு சர்வீஸ்’ முறையைப் பற்றியவையாக இருந்தமையால், அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ‘பொதுச் சேவை மையம்’ என்று எழுதினால் சான்றிதழ் வாங்கப் போகும் இடத்தை நினைத்துக்கொள்வார்கள் என்பதால், ‘பகிர்வுச் சேவை மையம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடும்பக் குழுமத்துக்குத் திருமங்கலம் பக்கம் ஒன்றும் திண்டுக்கல் பக்கம் ஒன்றுமாக இரண்டு நூற்பாலைகளும், கப்பலூரில் ரப்பர் உதிரிபாகத் தொழிற்சாலையும், ஒரு பொறியியல் கல்லூரியும், ஒரு மருத்துவமனையும் உள்ளன. ஐந்து கணக்குப் பிரிவுகளையும் மதுரை நகருக்குள் ஒரே அலுவலகத்தில் சேர்க்க முடிவாகியிருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தார், “இப்போதுள்ள வேலையை இருக்கிறபடியே கொண்டுவாருங்கள், சீர்திருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். 1990-களில் பெரிதாகப் பேசப்பட்ட, வேலை செய்யும் முறையையே அடியோடு மாற்றியமைக்கும் ‘செயல்முறை மறுவடிவமைப்பில்’ இதற்குப் பாடம் ஏதேனும் உண்டா, அல்லது அது பழங்கதைதானா?
— நிதி மேலாளர், கப்பலூர்

பதில்: பழங்கதைதான், ஆனால் உங்களுக்காகவே சொல்லி வைத்தது போன்ற கதை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில், சரக்கு கொடுத்தவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் வட அமெரிக்கப் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். புதிய கணினி முறையைக் கொண்டுவந்தால் ஆட்களில் 20 சதவீதத்தைக் குறைக்கலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டு வைத்திருந்தது. அந்தச் சமயத்தில், ஃபோர்டு பங்கு வைத்திருந்த ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தில் இதே வேலையை 5 பேர் பார்க்கிறார்கள் என்பது தெரியவந்தது. மாஸ்டா சிறிய நிறுவனம் என்பதற்காக எவ்வளவு கழித்தாலும் அந்த வித்தியாசத்துக்குச் சமாதானம் சொல்ல முடியவில்லை. ஆராய்ந்து பார்த்ததில், கொள்முதல் ஆணையும் சரக்கு வரவுச் சீட்டும் பில்லும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இனங்களைத் துருவிக்கொண்டிருப்பதிலேயே பிரிவின் பெரும்பொழுது கழிந்தது புலப்பட்டது. ஒரு பட்டுவாடாவுக்கு 14 விவரங்களை ஒப்பிட வேண்டியிருந்தது. புதிய முறையில், சரக்கு இறங்கும் மேடையில் இருப்பவர் கணினியில் ஆணையைப் பார்ப்பார். ஒத்திருந்தால் ஏற்பார், ஒத்திராவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்புவார். அவர் ஏற்றதே பணம் கொடுப்பதற்கான உத்தரவு ஆயிற்று. பாக எண், அளவை அலகு, வழங்குநர் குறியீடு என மூன்றை ஒப்பிட்டால் போதும் என்றாயிற்று, பில்லே தேவைப்படவில்லை. இந்த முறை வந்த இடங்களில் ஆட்தேவை 75 சதவீதம் குறைந்ததாக, மறுவடிவமைப்பு என்ற சிந்தனையைப் பரப்பிய மைக்கேல் ஹாமர் 1990-இல் எழுதினார்.

கணக்குப் பிரிவின் நோய்க்கு மருந்து சரக்கு இறங்கும் மேடையில் இருந்தது என்பதுதான் இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. ஃபோர்டு அந்த 500 பேரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து நல்ல மென்பொருளையும் கொடுத்திருந்தால், 400 பேர் அதே துருவல் வேலையை, சரக்கு இறங்கும் இடத்திலிருந்து இன்னும் தொலைவில் இருந்தபடி செய்துகொண்டிருந்திருப்பார்கள். உங்கள் மென்பொருள் நிறுவனத்தார் சொல்வது இந்த இரண்டாம் வழியைத்தான்.

ஃபோர்டு செய்ததை அப்படியே இங்கே செய்துவிடவும் முடியாது. வரி விலைப்பட்டியல் கையில் இல்லாமல் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க ஜி.எஸ்.டி. சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பதால், பில்லை ஒழிக்க வழியில்லை. ஆனால் பட்டுவாடாவைத் தொடங்கி வைக்கும் வேலையைப் பில்லிடமிருந்து பறித்துவிடலாம். சரக்கு வந்து ஏற்கப்பட்டதும் கெடு நாள் தொடங்கட்டும், பில் வரிக் கணக்குக்கான ஆவணமாக மட்டும் இருக்கட்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழங்குநர்கள் 2023 ஆகஸ்ட் முதல் மின் விலைப்பட்டியல் கொடுத்தாக வேண்டும். அதிலுள்ள கியூஆர் குறியீட்டைச் சரக்கு நுழையும் வாயிலிலேயே ஸ்கேன் செய்தால் வழங்குநரின் ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை ஆகியவை தட்டச்சு இல்லாமலே பதிவாகிவிடும். அந்த வேலைக்கு மதுரை அலுவலகத்தில் ஐந்து பேரை உட்கார வைக்கத் திட்டமிருந்தால், தயவுசெய்து அதைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தென் மாவட்டத்து நிறுவனம் ஒன்றில், ஒரு மாதம் முழுவதும் தேங்கிப்போன பில்களை ஒரு நீள மேசையில் கொட்டி, தேங்கிய காரணம் வாரியாகக் குவியல் பிரித்தோம். தொலைபேசியில் சொல்லி வாங்கிவிட்டுக் கொள்முதல் ஆணையே போடாதவை ஒரு குவியல். விலை உயர்வை ஒப்புக்கொண்டுவிட்டு ஆணையில் திருத்தாமல் விட்டவை இன்னொன்று. சரக்கு வந்தும் ஸ்டோரில் வரவு வைக்காதவை மூன்றாவது. கணக்குப் பிரிவின் சொந்தத் தவறால் தேங்கியவைதான் மிகச் சிறிய குவியலாக இருந்தன. அந்த நிறுவனமோ கணக்குப் பிரிவை மட்டும் நகரத்துக்கு மாற்றத் திட்டமிட்டிருந்தது! நீங்களும் ஐந்து இடங்களிலும் இதைச் செய்து பாருங்கள். இரண்டு நாள் வேலைதான். நூற்பாலையில் இன்னொரு குவியலும் சேரும். பஞ்சுப் பொதிக்கு எடை மேடையில் வந்த எடை, ஈரப்பதம், தர ஆய்வின் முடிவு ஆகியவை தெரிந்த பிறகே இறுதித் தொகை தெரியும். இதை மதுரையில் இருப்பவர் எந்தத் திரையைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. பஞ்சுக் கொள்முதலுக்கு ஆலையிலேயே ஒருவருக்கு இறுதித் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் கொடுத்துவிட்டு, பட்டுவாடாவை மட்டும் மையத்துக்குக் கொண்டுவருவதுதான் முறை.

ஒரு பதிவேடு ஏன் இருக்கிறது என்று கேட்டால், “எப்போதும் எழுதுவோம்” என்ற விடை நிச்சயம் வரும். மீனாட்சி அம்மன் தேரோட்டம் மாசியிலிருந்து சித்திரைக்கு மாற்றப்பட்டதைத் திருமலை நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். தேர் சித்திரையில் ஓடினாலும் தெருவுக்குப் பெயர் இன்றும் மாசி வீதிதான். தெருப்பெயரில் அது அழகு. நாலாவது நகல் பில்லில் அப்படி இருந்தால் அதற்கு ஓர் ஆள் சம்பளம் ஆகிறது.

“முதலில் மாற்று, பிறகு திருத்து” என்பதை நான் முற்றிலும் மறுக்கவில்லை. ஐந்து மேலாளர்களும் தத்தம் முறையே சரி என்று பிடிவாதமாக நிற்கும்போது, எல்லாவற்றையும் ஒருவர் பொறுப்பில் கொண்டுவந்தால்தான் திருத்தமே தொடங்கும் என்ற நிலை சில குழுமங்களில் உண்டு. அப்படியானாலும், ஆணையில்லாத கொள்முதலை நிறுத்துவதையும் வழங்குநர் பட்டியலில் இரட்டிப்பாக இருக்கும் பெயர்களைக் களைவதையும் இடம் மாறுமுன் முடித்தாக வேண்டும். ஏனெனில் ‘பிறகு’ வரும்போது அந்த வேலைகளைத் தெரிந்தவர்கள் உங்களிடம் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: நாடு முழுவதும் தாக்கலாகும் வருமான வரிக் கணக்குகளைப் பரிசீலிக்கும் பெங்களூர் மையமும் இத்தகைய பகிர்வுச் சேவைதானே? அது வெற்றியா, தோல்வியா?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருநகர்

பதில்: நம் நாட்டில் சாதாரண மக்கள் நேரடியாக உணர்ந்த பகிர்வுச் சேவைகளில் அதைவிடப் பெரிய உதாரணம் சொல்வது கடினம், மொத்தத்தில் அதை வெற்றி என்றே கருதுகிறேன். முன்பு மதுரையில் தாக்கல் செய்த கணக்கை மதுரை வார்டு (உள்ளூர் வருமான வரி அலுவலகம்) அதிகாரியே பரிசீலித்து, திருப்பித் தர வேண்டிய வரிக்கு அவரே ஆணை பிறப்பிப்பார். அது எந்த மாதம் வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். 2009-இல் மையம் தொடங்கியபோது அதிகாரிகளின் மேசைகளைப் பெங்களூருக்குத் தூக்கிச் செல்லவில்லை. பரிசீலனை என்ற வேலையை, எண்களைச் சரிபார்ப்பது, ஆய்ந்து வரி நிர்ணயிப்பது என இரண்டாகப் பிரித்து முதலாவதை மட்டும் மையத்துக்குக் கொடுத்தார்கள். அதற்கு இடமளிக்கும் சட்டத் திருத்தம் 2008-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலேயே வந்துவிட்டது. முதலில் விதியை மாற்றிவிட்டு அதன் பிறகு இடத்தை மாற்றிய இந்த வரிசையைத் தனியார் நிறுவனங்கள் கவனிக்க வேண்டும்.

சறுக்கிய இடங்களும் உண்டு. இணையத்தில் தாக்கல் செய்த பிறகும் கையொப்பமிட்ட ஒப்புகைத் தாளைப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. அது போய்ச் சேர்ந்ததா என்று கவலைப்பட்டவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். 2015-இல் ஆதார் வழியான ஒருமுறைக் கடவுச்சொல் வந்த பிறகே பெரும்பாலோருக்கு அந்தத் தாளை அனுப்பாமலிருக்க எளிய வழி பிறந்தது. இதைவிடப் பெரிய சறுக்கல் பழைய பாக்கிகள். வார்டுகளின் பதிவேடுகளில் சரிபார்க்கப்படாமல் கிடந்த பாக்கித் தொகைகள் அப்படியே மையத்தின் கணினியில் ஏற்றப்பட்டு, வரி செலுத்துவோருக்கு வர வேண்டிய பணம் அவற்றில் கழிக்கப்பட்டது. கேட்கப் போனால், வார்டு மையத்தைக் கை காட்டும், மையம் வார்டைக் கை காட்டும். தில்லி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் 2013 மார்ச்சில் இதற்கு நிவாரண உத்தரவுகள் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. முதல் கேள்வி கேட்ட கப்பலூர் மேலாளர், தம் ஐந்து நிறுவனங்களின் வழங்குநர் பாக்கிகளை மையத்தில் ஏற்றுமுன் இந்த வரலாற்றை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் சம்பளப் பிரிவு மையத்துக்குப் போகிறது. ஒவ்வோர் ஆலையிலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகச் சம்பளம் போட்டவர்களை விருப்ப ஓய்வில் அனுப்பலாம் என்று மேலிடம் நினைக்கிறது. மனிதவளப் பிரிவில் இருக்கும் நான் என்ன சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: கனடா நாட்டு அரசின் அனுபவத்தைச் சொல்லுங்கள். அங்கே 46 துறைகளில் சம்பளம் போட்டுக்கொண்டிருந்த ஏறத்தாழ 1,200 பேரின் பணியிடங்களை நீக்கிவிட்டு, மிராமிச்சி என்ற சிறு நகரில் சுமார் 550 பேர் கொண்ட ஒரே மையத்தை அமைத்தார்கள். 2016 பிப்ரவரியில் ‘ஃபீனிக்ஸ்’ என்ற புதிய சம்பள மென்பொருளும் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 7 கோடி கனடா டாலர் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு. சம்பளமே வராதவர்கள், குறைவாக வந்தவர்கள், அதிகமாக வந்து பிறகு திருப்பிக் கொடுக்கச் சொல்லப்பட்டவர்கள் எனப் பல்லாயிரம் ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் அல்லல்பட்டதுதான் விளைவு. அந்த நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் 2018-இல் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று அறிக்கையில் குறிப்பிட்டார். முன்னோட்டமாக ஒரு பகுதியில் நடத்திப் பார்க்கும் திட்டம் இருந்தும், அதைக் கைவிட்டுவிட்டே முழு அமலுக்குப் போயிருந்தார்கள்.

விதிகள் ஏட்டில் இருந்தாலும், அவற்றின் விலக்குகள் ஆட்களின் தலையில்தான் இருக்கின்றன. இரவு ஷிப்டு பார்த்துவிட்டு மறுநாள் பாதி ஷிப்டுக்கு நின்றவருக்கு எந்தக் கணக்கு, பயிற்சித் தொழிலாளி நிரந்தரமான மாதத்தில் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் எந்தத் தேதியிலிருந்து, திருவிழா முன்பணம் எத்தனை தவணை என்பவையெல்லாம் எழுதி வைத்த விதிகளாக இருக்கும் என்று மேலிடம் நம்பினால், அந்த நூலை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்படி ஒரு நூல் இருக்காது. ஆகவே பழையவர்களை வைத்து முதலில் அதை எழுத வையுங்கள். எழுதுவதோடு நிறுத்தாமல், ஒரே கேள்விக்கு ஐந்து ஆலைகளில் ஐந்து விடை இருந்தால் எந்த விடை இனி பொது விதி என்பதைத் தொழிற்சங்கத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். மறுவடிவமைப்பு என்பது உண்மையில் இந்தப் பேச்சுதான். பிறகு குறைந்தது மூன்று மாதம் பழைய முறையிலும் புதிய முறையிலும் சம்பளத்தைப் போட்டு, ரூபாய் பைசா வரை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவரும் வரை யாருக்கும் விருப்ப ஓய்வு கிடையாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹாமரே, தம் பொறியியல் பின்னணியின் காரணமாக மனிதர்கள் சம்பந்தப்பட்ட பகுதிக்கு உரிய மதிப்பைத் தராமல் விட்டதாக 1996-இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் அவர் பெயரைச் சொல்லி எத்தனையோ நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடந்து முடிந்திருந்தது.

கேள்வி: எந்த வேலையை மையத்துக்குக் கொண்டுபோவது, எதைக் கிளையிலேயே விடுவது என்பதற்கு எளிய அளவுகோல் உண்டா?
— ஏலக்காய் வணிக நிறுவன அலுவலர், போடிநாயக்கனூர்

பதில்: உங்கள் பக்கத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அறுவைக் கூடத்தில் வேலையைப் பிரித்துக்கொண்ட முறைக்காக உலகம் முழுவதும் பேசப்படுகிறது. மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். அதே மருத்துவமனை தேனிப் பக்கத்துக் கிராமங்களில் நடத்தும் பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைப் பரிசோதித்துப் படமும் எடுப்பார். தொலைவிலிருக்கும் மருத்துவர் இணைய வழியில் படத்தைப் பார்த்து, நோயாளியுடன் பேசி ஆலோசனை சொல்வார். கண்ணாடி போட்டால் போதும் என்றால் அங்கேயே கிடைக்கும். நோயாளி பேருந்து ஏற வேண்டியதில்லை.

மையத்தில் இருப்பது அரிதான திறமை, அதாவது மருத்துவரின் நேரம். கிராமத்தில் இருப்பது நேரில் தொட்டுப் பார்க்க வேண்டிய வேலை. இடையே பயணம் போவது தகவல் மட்டும். உங்கள் தொழிலில் காயின் பருமனையும் நிறத்தையும் பார்த்துத் தரம் பிரிப்பது கிளையின் வேலை. அதை எத்தனை நல்ல கேமரா வந்தாலும் நான் மையத்துக்குக் கொடுக்க மாட்டேன். ஏலத்தில் எடுத்த சரக்குக்குப் பணம் அனுப்புவது, வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு ஒப்பீடு ஆகியவை மையத்தின் வேலை. வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதில்தான் சண்டை வரும். வரம்பை மையம் நிர்ணயிக்கட்டும், அந்த வரம்புக்குள் யாருக்கு எவ்வளவு என்பதைக் கிளை மேலாளர் தீர்மானிக்கட்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பகிர்வுச் சேவை மையத்தைத் தனி நிறுவனமாகப் பதிவு செய்யலாமா?
— தணிக்கை மாணவர், சிம்மக்கல்

பதில்: செய்யலாம், ஆனால் குழுமத்தில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை இருந்தால் அவசரப்பட வேண்டாம். தனி நிறுவனம் அனுப்பும் சேவைக் கட்டணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். ஆலைகள் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளும். கல்வியும் மருத்துவமும் பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்ற சேவைகள் ஆதலால், அவற்றுக்கு அந்த 18 சதவீதம் அப்படியே செலவாகிவிடும். மையத்தால் மிச்சமாகும் தொகையை இந்த ஒரு வரியே விழுங்கிவிட்ட திட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றைத் தயாரித்தவர்கள் கடைசிப் பக்கம் வரை அதைக் கவனிக்கவே இல்லை.

கேள்வி: நான் சிறு உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். நான் சரக்கு கொடுக்கும் பெரிய நிறுவனம் ஒன்று பட்டுவாடாவை வெளியூர் மையத்துக்கு மாற்றியதிலிருந்து, கேட்டால் ‘டிக்கெட் எண்’ (புகாரைப் பதிந்த எண்) மட்டும் வருகிறது, பணம் வருவதில்லை. முன்பு கணக்கரை நேரில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் காரணம் தெரியும்.
— பட்டறை உரிமையாளர், கோ. புதூர்

பதில்: உங்கள் கடிதத்தை அந்த மையத்தின் தலைவர் படிக்க வேண்டும். நீங்கள் அழைக்கும் ஒவ்வோர் அழைப்பையும் அவர்கள் ‘முடித்த வேலை’ என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். முதலிலேயே சரியாகச் செய்யாததனால் பிறக்கும் இத்தகைய வேலையைத் ‘தோல்வித் தேவை’ என்று தனியாக எண்ண வேண்டும் என ஜான் செடன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் நெடுங்காலமாக வற்புறுத்திவருகிறார். “என் பணம் எங்கே?” என்ற அழைப்புகளைக் கழித்துவிட்டால் பல மையங்களின் தொலைபேசிகள் மௌனமாகிவிடும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் ‘உத்யம்’ பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. 2023–24 நிதியாண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை அந்த நிறுவனம் அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வருமான வரிச் சலுகை பெற முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். ஆகவே அடுத்த கடிதத்தை மையத்துக்கு மட்டும் எழுதாமல், பில் எண், சரக்கு இறங்கிய தேதி, கெடு நாள் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு நிறுவனத்தின் நிதி இயக்குநருக்கும் வரிப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். சரக்கு இறக்கியபோது கேட்டில் முத்திரை போட்டுக் கொடுத்த சலான் நகல் உங்களிடம் இருந்தால் அதையும் இணையுங்கள். உங்கள் சரக்கு ஸ்டோரில் வரவு வைக்கப்படாமல் கிடக்கிறது என்பது என் ஊகம். அப்படியானால் அந்த நகலை எடுத்துக்கொண்டு ஆலையின் ஸ்டோருக்கு நேரில் போவதே விரைவான வழி.